இரண்டாயிரம் ஆண்டு உழைப்பாளி: ஃபெரெற் என்னும் சிறு பிராணியின் வரலாறு

2011 ஆம் ஆண்டின் இறுதி. நான் அப்போது பணியாற்றிய தினசரியின் வெளிநாட்டுச் செய்திப் பக்கம் அன்றிரவு என் பொறுப்பில் இருந்தது. நெதர்லாந்தின் ரொட்டர்டாம் நகரில் ரொன் ஃபூஷியே என்பவரின் தலைமையில் இயங்கிய விஞ்ஞானிகள் குழு ஒன்று, எச்5என்1 பறவைக் காய்ச்சல் வைரஸை ஆய்வுகூடத்தில் மாற்றியமைத்து, அது காற்றின் வழியே ஒரு பிராணியிலிருந்து இன்னொரு பிராணிக்குத் தொற்றும்படி செய்திருந்தது. அந்த ஆய்வின் முழு விபரங்களையும் பகிரங்கப்படுத்தலாமா, கூடாதா என்று உலகெங்கும் பெரும் விவாதம் நடந்துகொண்டிருந்த நேரம் அது. செய்தி நிறுவனத்தின் ஆங்கிலப் பிரதியில் அந்தப் பிராணியின் பெயர் 'ஃபெரெற்' என்றிருந்தது. பக்கம் அச்சுக்குப் போக அரை மணித்தியாலமே இருந்தது. நான் 'கீரிப்பிள்ளை' என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

நான்கைந்து நாட்களின் பின்னர் ஓர் அஞ்சலட்டை வந்தது. எழுதியவர் ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர். கீரி வேறு, ஃபெரெற் வேறு. கீரி பூனைக்குக் கிட்டிய இனம், ஃபெரெற்றோ நீர்நாயின் குடும்பத்தைச் சேர்ந்தது. திருத்தம் வெளியிடுவீர்கள் என நம்புகிறேன் என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். அட்டையை ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "கீரி எண்டால் சனத்துக்கு விளங்கும். ஃபெரெற் எண்டால் ஆருக்கு விளங்கும்? விடும் ஐசே" என்றார் அவர். திருத்தம் வெளிவரவில்லை.

அந்த அட்டையை நான் மறந்தே போயிருந்தேன். கடந்த பனிக்காலத்தில் கனடாவிலிருக்கும் என் தங்கையின் மகள் தொலைபேசியில் பேசியபோதுதான் அது நினைவுக்கு வந்தது. அவள் ஒரு ஃபெரெற்றை வளர்க்கிறாள். "மாமா, முதலிலை எனக்குத்தான் தடிமன், காய்ச்சல். இப்ப இவனும் தும்மத் துவங்கிற்றான். என்னாலை தொத்தியிருக்குமோ?" என்று கலக்கத்தோடு கேட்டாள். மிருக வைத்தியரிடம் உடனே கொண்டுபோகும்படி சொல்லிவிட்டு, நான் படிக்க உட்கார்ந்தேன். அவளுடைய கேள்விக்கான விடை 1933 ஆம் ஆண்டில் இலண்டனில் எழுதப்பட்டிருந்தது. தொடர்ந்து படித்தபோது இன்னொன்றும் புலப்பட்டது. இப்பிராணியைச் சுகமாக வளர்ப்பதற்கு இன்று சொல்லப்படும் விதிகள் பலவற்றின் பின்னாலும் ஒரு வரலாறு இருக்கின்றது. மனிதன் இதனிடம் இரண்டாயிரம் ஆண்டுகளாக வேலை வாங்கியிருக்கிறான். இது எப்படி வாழ விரும்புகிறது என்று கேட்கத் தொடங்கியதோ மிக அண்மையில்தான்.

முயல் வேட்டைக்காரன்

ஃபெரெற் காட்டு விலங்கல்ல. ஐரோப்பாவின் காடுகளில் வாழும் 'போல்கற்' என்ற சிறிய ஊனுண்ணியைப் பிடித்துப் பழக்கியதால் உருவான வீட்டு விலங்கு அது. நீண்டு மெலிந்த உடல், குட்டைக் கால்கள். ஆண் ஒன்று முதல் இரண்டு கிலோ நிறை கொண்டது, பெண் அதில் ஏறத்தாழப் பாதி. நீர்நாய், மிங்க், வீசல் ஆகியவை இதன் உறவினர். இலங்கையில் இயற்கையாக வாழும் ஒரே உறவினர், அந்த ஆசிரியர் சொன்னதுபோல, நமது நீர்நாய்தான்.

மனிதன் இதனை ஏன் வீட்டுக்குக் கொண்டுவந்தான் என்பதற்கான விடை பெரும்பாலும் ஒரே சொல்லில் அடங்கும்: முயல். நாயால் முயலின் வளைக்குள் நுழைய முடியாது. ஃபெரெற்றின் உடலோ வளைக்கென்றே வார்த்ததுபோல அமைந்தது. கிறிஸ்து சகாப்தத்தின் தொடக்க காலத்தில் வாழ்ந்த புவியியலாளர் ஸ்ட்ராபோ, ஸ்பெயினுக்குக் கிழக்கேயுள்ள பலேரிக் தீவுகளில் முயல்கள் பெருகியதையும், பயிர்களையும் மரங்களின் வேர்களையும் அவை நாசமாக்கியதையும் எழுதியுள்ளார். தீவு மக்கள் தமக்கு வேறு நிலம் தரும்படி உரோமரிடம் தூது அனுப்பினார்களாம். பின்னர் எழுதிய பிளினி, அவர்கள் பேரரசர் ஒகஸ்டஸிடம் இராணுவ உதவியே கேட்டதாகக் குறிப்பிடுகிறார். முயலுக்கு எதிராகப் படை கேட்ட மக்கள் வரலாற்றில் வேறெங்கும் இருந்தார்களோ தெரியாது.

இதற்கு மருந்தாக ஸ்ட்ராபோ குறிப்பிடுவது, 'லிபிய வீசல்' என அவர் அழைக்கும் பிராணியை. அதன் வாயைக் கட்டி வளைக்குள் விடுவார்கள்; அது முயலை நகத்தால் பற்றி இழுத்துவரும், அல்லது வெளியே துரத்தும்; வாசலில் காத்து நிற்பவர்கள் பிடித்துக்கொள்வார்கள். இது ஃபெரெற்றே என்பது அறிஞர் பலரின் கருத்து. இன்றும் பிரித்தானியக் கிராமங்களில் முயல் பிடிப்பவர்கள் கையாளும் முறை, வளையின் வாய்களுக்கு வலை போடுவதைத் தவிர, பெரிதும் மாறிவிடவில்லை.

வாயைக் கட்டினார்கள் என்ற சிறு குறிப்பைக் கவனிக்க வேண்டும். வாய் திறந்திருந்தால் ஃபெரெற் முயலை உள்ளேயே கொன்று, வயிறு நிறையத் தின்று, அங்கேயே உறங்கிவிடும். வேட்டைக்காரன் வெளியே காவல் நிற்க வேண்டியதுதான். ஆகவே வாய்ப்பூட்டுப் போட்டார்கள். பிற்கால இங்கிலாந்தில் அதன் உதடுகளை நூலால் தைத்து வளைக்குள் அனுப்பிய வழக்கமும் இருந்தது. உழைப்பாளியின் வாயைக் கட்டிவிட்டு வேலை வாங்குவது மனிதர் விடயத்திலும் நாம் அறியாததல்ல.

இலத்தீன் மொழியில் திருடனைக் குறிக்கும் சொல்லின் அடியாகப் பிறந்ததே ஃபெரெற் என்ற பெயர். 'சின்னக் கள்ளன்' என்று பொருள் சொல்லலாம். வீட்டில் வளர்ப்பவர்கள் இதை மறுக்கமாட்டார்கள். திறப்பு, காலுறை, அழிறப்பர் என்று அகப்படுவதையெல்லாம் கொண்டுபோய் அலுமாரிக்கு அடியில் ஒளித்து வைப்பது இதன் பிறவிக் குணம். ஆங்கிலத்தில் இப்பெயர் வினைச்சொல்லாகவும் வழங்குகின்றது. மறைந்து கிடப்பதைத் துருவித் துருவி வெளியே கொண்டுவருவதை அச்சொல்லால் குறிப்பார்கள். பத்திரிகையாளர்களைப் பற்றி எழுதும்போது அந்த வினைச்சொல் தாராளமாகப் புழங்கும். நம் தொழிலுக்குத் தன் பெயரையே தந்த பிராணியின் பெயரைத்தான் நான் பிழையாக மொழிபெயர்த்திருந்தேன்.

மத்திய கால இங்கிலாந்தில் ஃபெரெற் வைத்திருப்பது வர்க்க விவகாரமாகவும் இருந்தது. இரண்டாம் ரிச்சர்ட் மன்னனின் ஆட்சியில், 1390 இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, நிலத்திலிருந்து ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருமானமில்லாத சாதாரண மனிதர் வேட்டை நாயோ ஃபெரெற்றோ வலையோ வைத்திருக்கக் கூடாதென்றது. மதகுருமாருக்கு அந்த எல்லை 10 பவுண். 1381 இன் குடியானவர் கிளர்ச்சி அடங்கிப் பத்து ஆண்டுகளும் ஆகியிராத காலம். ஞாயிறு வழிபாட்டு நேரத்தில் வேட்டையென்ற பெயரில் ஏழைகள் கூடிச் சதி செய்கிறார்கள் என்ற அச்சம் அச்சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றது.

பாணும் பாலும்

வேலை வாங்கியவர்கள் என்ன சாப்பாடு கொடுத்தார்கள்? பிரித்தானியாவில் நெடுங்காலம் இதற்குக் கொடுக்கப்பட்டது பாலில் ஊறவைத்த பாண். அது மலிவானது, இலகுவானது. ஆனால் ஃபெரெற் முழுக்க முழுக்க ஊனுண்ணி. அதன் குடல் மிகக் குட்டையானது. உண்ட உணவு மூன்று, நான்கு மணித்தியாலங்களில் வெளியேறிவிடும். மாப்பொருளையும் நாரையும் செரிப்பதற்கு அந்தக் குடலில் வசதியில்லை. இறைச்சியும் கொழுப்புமே அதன் உணவு. அதையும் நாள் முழுவதும் சிறிது சிறிதாக உண்ணவேண்டும். பால் கொடுத்தால் வயிற்றோட்டம் ஏற்படும்.

நடுத்தர வயதை அடைந்த ஃபெரெற்றுகளுக்குச் சதையியில் கட்டி தோன்றி, இன்சுலின் மிதமிஞ்சிச் சுரந்து, இரத்தத்தில் வெல்லம் குறைந்து சோர்ந்து விழுவது அடிக்கடி காணப்படும் நோய். மாவும் இனிப்பும் மிகுந்த உணவுக்கும் இந்நோய்க்கும் தொடர்பிருக்கலாமென மிருக வைத்தியர் பலர் ஐயுறுகின்றனர். செல்லமாகப் பழத்துண்டோ பிஸ்கட்டோ கொடுக்காதீர்கள் என்று அவர்கள் சொல்வது இதனாற்றான்.

குற்றவாளியாக்கப்பட்ட வேலைக்காரன்

ஃபெரெற்றின் இயல்பை அறியாமல் அதைப் பயன்படுத்தியதன் விளைவு பெருமளவில் வெளிப்பட்ட இடம் நியூசிலாந்து. பிரித்தானியக் குடியேறிகள் அங்கு முயலைக் கொண்டுபோனார்கள். 1870களில் முயல்கள் பெருகி ஆட்டுப் பண்ணைகளின் புல்வெளிகளை மொட்டையாக்கின. பலேரிக் தீவின் கதை மீண்டும் அரங்கேறியது. மருந்தும் பழைய மருந்தே. ஒரு வித்தியாசம் மாத்திரம் இருந்தது. இம்முறை வேலை முடிந்ததும் திருப்பி அழைப்பதற்கு ஆள் இல்லை. 1880களில் ஆயிரக்கணக்கான ஃபெரெற்றுகள் காட்டுவெளியில் விடப்பட்டன. அவற்றுடன் ஸ்ரோட், வீசல் ஆகிய உறவினங்களும் இறக்கப்பட்டன.

வௌவால்களைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டி விலங்கே இல்லாமலிருந்த நாடு அது. கிவி, வெக்கா, காக்காப்போ போன்ற பறவைகள் பறக்கும் திறனை இழந்து நிலத்தில் நடமாடின. இத்தகைய எதிரியை அவை கண்டதேயில்லை. முயல்கள் ஒழியவில்லை, பறவைகள் ஒழிந்துகொண்டு போயின. 2002 முதல் நியூசிலாந்தில் ஃபெரெற்றை விற்பதும் இனப்பெருக்குவதும் தடைசெய்யப்பட்டுள்ளன. அமெரிக்காவின் கலிபோர்னியா, ஹவாய் மாநிலங்கள் இதைச் செல்லப்பிராணியாக வளர்ப்பதை இன்றும் அனுமதிப்பதில்லை. கூட்டின் கதவு, சுவரிலுள்ள துவாரம், தண்ணீர்க் குழாய் நுழையும் இடைவெளி எல்லாவற்றையும் அடைத்து வையுங்கள் என்ற அறிவுரை ஃபெரெற்றின் உயிரைக் காப்பதற்கு மட்டும் சொல்லப்படுவதல்ல.

இலண்டனில் ஒரு தும்மல்

இனி என் மருமகளின் கேள்விக்கு வருகிறேன். 1920களில் பிரித்தானியாவில் 'டிஸ்டெம்பர்' என்ற நோயால் நாய்கள் பெருந்தொகையாக மடிந்தன. நாய்ப்பிரியர்கள் நிதி திரட்டிக் கொடுக்க, இலண்டனின் தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் மில் ஹில் என்ற இடத்திலிருந்த தனது பண்ணையில் ஆய்வைத் தொடங்கியது. பற்றிக் லெயிட்லோ, டன்கின் ஆகிய இருவரும் அதை நடத்தினர். ஃபெரெற்றும் இந்நோய்க்கு ஆளாகும் என்பதை அவர்கள் 1926 இல் விபரமாக எழுதினர். ஆளாவது மட்டுமல்ல, தொற்றினால் அநேகமாகத் தப்புவதேயில்லை. நாயைக் காக்கும் தடுப்பூசிக்கான பாதையில் ஃபெரெற்றுகள் மாண்டன. அந்த ஆய்வுகளின் பலனாக நாய்களுக்கான தடுப்பூசி உருவாயிற்று.

1933 இன் தொடக்கத்தில் இலண்டனில் இன்புளுவென்சா பரவியது. 1918 இன் பெருந்தொற்று உலகெங்கும் ஏறத்தாழ 5 கோடி மக்களைக் கொன்றதாக மதிப்பிடப்படுகின்றது. அது நிகழ்ந்து 15 ஆண்டுகள் கடந்தும், மனிதரில் அந்நோயை உண்டாக்குவது எது என்பது நிரூபிக்கப்படவில்லை. பற்றீரியா என்றே பலர் நம்பினர். நிறுவனத்தில் பணியாற்றிய கிறிஸ்ரோபர் அன்ட்றூஸ் காய்ச்சலில் விழுந்தார். அவருடைய சகாவான வில்சன் ஸ்மித், அன்ட்றூஸ் தொண்டையைக் கொப்பளித்த நீரை, பற்றீரியா புகமுடியாத வடிகட்டியில் வடித்து, ஃபெரெற்றுகளின் மூக்கில் துளி துளியாக விட்டார். டிஸ்டெம்பர் ஆய்வின் காரணமாகவே ஃபெரெற்றுகள் கைவசம் இருந்தன. இரண்டு நாட்களில் அவற்றுக்குக் காய்ச்சல் கண்டது, மூக்கு ஒழுகியது, தும்மின. மனித இன்புளுவென்சாவின் காரணி வைரஸ் என்பது தெளிவாயிற்று. ஸ்மித், அன்ட்றூஸ், லெயிட்லோ மூவரும் எழுதிய கட்டுரை அவ்வாண்டு ஜூலையில் 'லான்செற்' சஞ்சிகையில் வெளியானது.

பின்னர் ஸ்மித்தும் நோயுற்றார். அவருடைய தொண்டையிலிருந்து எடுக்கப்பட்ட வைரஸ் அவருடைய பெயரின் முதலெழுத்துகளால் 'டபிள்யூ.எஸ்.' என்றே இன்றும் வழங்குகின்றது. 1936 இல் ஸ்ருவேர்ட் ஹாரிஸ் என்ற இளம் வைத்தியரின் முகத்தில் ஒரு ஃபெரெற் தும்ம, அவரும் காய்ச்சலில் விழுந்தார். மனிதனிலிருந்து ஃபெரெற்றுக்குப் போன நோய் அங்கிருந்து மனிதனுக்கும் திரும்பி வரும் என்பது இவ்வாறு பதிவாயிற்று. ஃபெரெற்றின் சுவாசப்பாதை வைரஸ்களுக்கு இடங்கொடுக்கும் விதத்தில் நம்முடையதைப் பெரிதும் ஒத்தது. அதனால்தான் எண்பது ஆண்டுகளின் பின்னர் ரொட்டர்டாமிலும் அது தேவைப்பட்டது.

நாம் கையை நீட்டிப் போட்டுக்கொள்ளும் இன்புளுவென்சாத் தடுப்பூசிக்கும் இதனுடன் தொடர்புண்டு. எந்த வைரஸ் வகைகளை அதில் சேர்ப்பது என்பதை உலக சுகாதார ஸ்தாபனம் ஆண்டுக்கு இருமுறை, பெப்ரவரியிலும் செப்டெம்பரிலும், கூடித் தீர்மானிக்கின்றது. அதற்கு ஆதாரமாகும் சோதனைகளில் ஃபெரெற்றின் குருதிப் பாயம் இன்றும் முக்கிய இடம் வகிக்கின்றது.

ஆகவே, தடிமன் காய்ச்சல் கண்டவர் தன் ஃபெரெற்றைத் தூக்கக் கூடாது. முகக்கவசம் அணிய வேண்டும். இயலுமானால் உணவு வைப்பதை வீட்டிலுள்ள வேறொருவரிடம் விட வேண்டும். மருமகளுக்கு மிருக வைத்தியர் சொன்னதும் இதையேதான்.

தடுப்பூசி கொன்ற கதை

டிஸ்டெம்பருக்குத் தடுப்பூசி வந்துவிட்டதால் ஃபெரெற்றுகள் தப்பிவிட்டன என்று நினைத்தால் அதுவும் பிழை. வட அமெரிக்கப் புல்வெளிகளில் 'கருங்கால் ஃபெரெற்' என்றொரு காட்டு இனம் உண்டு. வீட்டு ஃபெரெற்றின் நெருங்கிய உறவினம். 1970களின் தொடக்கத்தில் அது அழிவின் விளிம்பில் நின்றது. தெற்கு டகோட்டாவில் ஆறைப் பிடித்து, ஃபெரெற்றுக்குப் பாதுகாப்பானது எனக் கருதப்பட்ட, வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ் அடங்கிய டிஸ்டெம்பர் தடுப்பூசியை ஏற்றினார்கள். நான்கு ஃபெரெற்றுகள் அத்தடுப்பூசியாலேயே டிஸ்டெம்பர் கண்டு இறந்தன.

அந்த இனம் அற்றுப்போய்விட்டதென எண்ணியிருந்தபோது, 1981 செப்டெம்பரில் வயோமிங் மாநிலத்தின் மிற்றீற்சி என்ற ஊரருகே ஷெப் என்ற பண்ணை நாய் ஒன்று இறந்த ஃபெரெற்றைக் கவ்விக்கொண்டு வீடு வந்தது. தேடியபோது ஒரு சிறு கூட்டம் உயிரோடிருப்பது தெரிந்தது. 1985 இல் அக்கூட்டத்தையும் நோய்கள் தாக்கின. எஞ்சிய 18 ஐயும் 1987 க்குள் பிடித்துக் கூண்டில் வைத்து இனப்பெருக்கினார்கள். 1991 இல் முதற்தொகுதி மீண்டும் புல்வெளியில் விடப்பட்டது. 1988 இல் இறந்த ஒரு பெண் ஃபெரெற்றின் உறைந்த கலங்களிலிருந்து, 2020 டிசெம்பரில் எலிசபெத் ஆன் என்ற குட்டி குளோனிங் முறையில் பிறந்தது. தடுப்பூசியில் உயிரிழந்த அந்த நான்கும் கற்பித்த பாடம் வீட்டு ஃபெரெற்றுக்கும் பொருந்தும். நாய்க்கென்று செய்த கூட்டுத் தடுப்பூசியை இதற்குப் போடக் கூடாது. ஃபெரெற்றுக்கு ஏற்றதென அறியப்பட்டதையே, இதை அறிந்த வைத்தியரின் கையால் போட வேண்டும். விசர்நாய் நோய்க்கு ஃபெரெற்றுக்கென அங்கீகரிக்கப்பட்ட தடுப்பூசி அமெரிக்காவில் வந்ததே 1990 இல்தான்.

பெண்ணின் துன்பம்

பழைய முயல் வேட்டைக்காரர்கள் அறிந்திருந்தும் காரணம் அறியாத விடயம் ஒன்றுண்டு. பெண் ஃபெரெற் பருவத்துக்கு வந்தபின் ஆணுடன் கூடாவிட்டால் அந்தப் பருவம் இலகுவில் தணியாது, மாதக்கணக்கில் நீடிக்கும். அக்காலம் முழுவதும் சுரக்கும் ஈஸ்திரோஜன் எலும்பு மச்சையை முடக்கிவிடும். குருதிக் கலங்கள் உற்பத்தியாகாமல், வெளிறி, இரத்தம் கசிந்து அது இறக்கும்.

இதைத் தடுக்கவே அறுவைச் சிகிச்சையால் இனப்பெருக்கச் சுரப்பிகளை அகற்றினார்கள். அமெரிக்காவின் பெரும் பண்ணைகளில் ஆண், பெண் இரண்டுக்கும் ஆறு கிழமை வயதளவிலேயே இது செய்யப்பட்டு வந்தது. பின்னர் அதிலும் ஒரு சிக்கல் தோன்றியது. இனப்பெருக்கச் சுரப்பிகள் நீக்கப்பட்ட ஃபெரெற்றுகளில், சிறுநீரகத்தின் மேலுள்ள அதிரீனல் சுரப்பி பிற்காலத்தில் பெருத்து, வாலிலிருந்து தொடங்கி மயிர் கொட்டுவது பெருமளவில் காணப்படுகின்றது. சுரப்பிகளை அகற்றியதையே வைத்தியர்கள் இதற்கு முக்கிய காரணமாகக் கருதுகின்றனர். இப்போது டெஸ்லோரெலின் என்ற மருந்தைத் தோலின் கீழ் வைக்கும் முறை இந்நோய்க்குச் சிகிச்சையாகவும், பல நாடுகளில் அறுவைக்கு மாற்றாகவும் பயன்படுகின்றது. ஒரு துன்பத்தைத் தீர்க்கப்போய் இன்னொன்றை உண்டாக்கி, அதற்கும் மருந்து தேடிக் கண்ட அனுபவம் இது.

சந்தோஷமாக வாழ்தல்

உடல் நலத்துக்கு இவ்வளவு. மகிழ்ச்சி என்பது வேறு. நாளில் 14 மணித்தியாலங்களுக்கு மேல் உறங்குவது ஃபெரெற்றுக்கு இயல்பு. வளையில் வாழ்ந்த பரம்பரையாதலால் இருட்டும் ஒடுக்கமுமான படுக்கையை அது விரும்பும். பழைய துணித்தொட்டில் போதும். விழித்திருக்கும் நேரத்தில் கூட்டுக்கு வெளியே சில மணித்தியாலங்கள் ஓடித் திரிய வேண்டும். குழாய் போன்றவற்றில் நுழைந்து வெளிவர வேண்டும். சந்தோஷம் மேலிட்டால் முதுகை வளைத்து, வாய் திறந்து, பக்கவாட்டில் துள்ளித் துள்ளி ஆடும். கொக்கரிப்பது போன்ற சிறு ஒலி எழுப்பும். முதன்முறை காண்பவர்கள் வலிப்பென்று பயந்துவிடுவார்கள். றப்பரும் பஞ்சணைத் துண்டும் கண்ணில் படக்கூடாது. விழுங்கினால் குடல் அடைத்துவிடும்.

கொழும்பில் இதை வளர்க்க விரும்பி என்னிடம் விசாரித்த நண்பர் ஒருவருக்குச் சொன்னதை இங்கும் சொல்லிவிடுகிறேன். ஃபெரெற்றுக்கு வியர்த்து உடலைக் குளிர்விக்கும் வசதி அநேகமாக இல்லை. வெப்பநிலை 30 பாகை செல்சியஸை நெருங்கினாலே அதற்கு ஆபத்து. நம்முடைய சித்திரை வெயிலையும் மின்வெட்டையும் நினைத்துப் பாருங்கள். குளிர்நாட்டில் இரண்டாயிரம் ஆண்டு உழைத்த பிராணியை இங்கே கொண்டுவந்து கூண்டில் வேகவைக்க வேண்டியதில்லை.

கனடாவிலிருக்கும் ஃபெரெற்றுக்குப் பத்து நாட்களில் சுகம் வந்துவிட்டது. மருமகளுக்கும் அப்படியே. தன் காலுறை ஒன்று காணாமற் போயிருப்பதாகக் கடைசியாகப் பேசியபோது சொன்னாள்.

அஞ்சலட்டை எழுதிய ஆசிரியர் இன்று எங்கிருக்கிறாரோ அறியேன். அவர் கேட்டதை, காலம் கடந்தாவது, இங்கே பதிவு செய்கிறேன்.

திருத்தம்: 2011 ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான பறவைக் காய்ச்சல் ஆய்வு பற்றிய செய்தியில் 'கீரிப்பிள்ளை' என்று குறிப்பிடப்பட்டது தவறு. அது ஃபெரெற் என்று இருந்திருக்க வேண்டும். தவறுக்கு வருந்துகிறேன்.